தூபம் பகிர்தல்: தாவோ நெறிக் கோயில் விழாவும் கடல் கடந்த உறவும்

சீன நாட்டுத் தாவோ நெறியைப் பற்றி எழுதப் புகுவோர் பலர், லாவோத்சுவின் பெயரோடு தொடங்கி, அவர் பெயரால் வழங்கும் சிறுநூலின் கருத்துகளோடு முடித்துவிடுவர். நூலில் உள்ளது மெய்யுணர்வு என்றும், கோயிலில் நிகழ்வது அதன் சிதைவு என்றும் இரண்டாகப் பகுத்து, முன்னதைப் போற்றிப் பின்னதைப் புறக்கணிக்கும் வழக்கம் மேலைநாட்டறிஞரிடையேயும் நெடுங்காலம் நிலவிற்று. இப்பகுப்புப் பொருந்தாதென்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த கள ஆய்வுகள் ஐயமற நிறுவிவிட்டன. ஆயினும், அவ்வாய்வுகளைப் பயின்றோரிடத்தும், அவற்றைக் கையாளும் அரசினரிடத்தும் வேறொரு கருத்து ஊன்றி நிற்கிறது. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள கோயில்களின் உறவு, மரத்தின் வேருக்கும் கிளைக்கும் உள்ள உறவே என்பது அது. அக்கருத்து எவ்வளவிற்கு உண்மை, எவ்விடத்துப் பிழைபடுகிறது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்கிழக்குச் சீனத்துப் புஜியான் மாநிலத்தையும், அங்கிருந்து மக்கள் சென்று குடியேறிய தைவான், சிங்கப்பூர், மலாக்கா ஆகிய இடங்களையும் ஆராய்ச்சியின் எல்லையாகக் கொள்கிறோம். கிறிஸ்தோபர் ஸ்கிப்பர், ஸ்டீவன் சாங்கிரன், கென்னத் டீன், மேஃபேர் யாங் ஆகியோர் செய்த ஆய்வுகள் நமக்குத் துணையாவன. அவர்தம் உழைப்பின் அருமையை ஒப்புக்கொண்டே, சிலவிடங்களில் வேறுபட்டு நிற்க வேண்டியவராகின்றோம்.

விழாவின் அமைப்பு

கோயில்களின் உறவை அறிய, கோயிலில் நிகழ்வதை முதற்கண் அறிதல் வேண்டும். தாவோ நெறிக் கோயில் விழாக்களுள் தலையாயது 'ஜியாவ்' எனப்படும் படையற் பெருவிழா. அஃது ஒருநாள், மூன்று நாள், ஐந்து நாள் என ஊரின் வளத்திற்கேற்ப நடைபெறும். கோயிலைப் புதுக்கிய காலத்தும், கொள்ளைநோய் முதலிய இடர் நீங்கிய காலத்தும், சில ஊர்களில் குறித்த ஆண்டுகள் கழிந்தபோதும் இவ்விழாவை எடுப்பர்.

விழாத் தொடங்குங்கால் கோயிலின் கதவுகள் அடைக்கப்படும். உள்ளே தலைமையான இடத்தில் 'மூன்று தூயோர்' எனும் மேலாந் தெய்வங்களின் ஓவியத் திரைகள் தொங்கவிடப்படும். அதுகாறும் அவ்விடத்தில் வீற்றிருந்த ஊர்த்தெய்வம் எதிர்ப்புறத்திற்கு மாற்றப்பட்டு, விழாக் காண வந்த விருந்தினர்போல் அமர்த்தப்படும். குருமார் விண்ணப்பத் திருமுகங்களை விண்ணுலகிற்கு விடுப்பர், தெய்வங்களை வரவேற்பர், புதிதாக மூட்டிய தீயிலிருந்து ஒன்று பலவாக விளக்குகளை ஏற்றுவர். இதற்கு 'விளக்குப் பகிர்தல்' என்று பெயர். இறுதியில், பேணுவாரின்றி அலையும் இறந்தோர் ஆவிகள் அனைத்திற்கும் உணவிடும் 'பூதூ' எனும் சடங்கு பொதுவெளியில் நிகழும். விழாவிற்குப் பொருள் உதவிய குடிகளின் பெயர்கள் நெடுந்தாளில் எழுதப்பெற்றுக் கோயிற் சுவரில் ஒட்டப்படும்.

இவ்வமைப்பில் மூன்று செய்திகள் நம் ஆய்விற்கு இன்றியமையாதவை. ஊர்த்தெய்வம் எத்துணைப் புகழுடையதாயினும், விழாவின்போது தன் இருக்கையை விட்டு இறங்குகிறது. ஆகவே எந்தக் கோயிலின் தெய்வமும் முற்ற முடிந்த தலைமை உடையதன்று. விளக்கு விளக்கை ஏற்றுங்கால் ஏற்றியது குறைவதுமில்லை. ஏற்றப்பெற்றது முன்னதற்கு அடிமையாவதுமில்லை. ஊரின் பெயர்ப்பட்டியலோ ஒவ்வொரு விழாவிற்கும் புதிதாக எழுதப்படுகிறது. சென்ற விழாவின் பட்டியல் இவ்விழாவிற்கு உதவாது.

இருவகை மொழி

தைவானின் தென்பகுதியிலுள்ள தைனான் நகரில் 1960களில் குருமாரிடம் மாணவராயிருந்து கற்று, 1968இல் தாமும் குருவாகத் திருநிலை பெற்றவர் ஸ்கிப்பர். அவர் பிரெஞ்சு மொழியில் 1982இல் வெளியிட்ட 'தாவோ நெறியின் உடல்' எனும் நூல், கோயிலை ஊர்மக்களின் தன்னாட்சி மன்றமாகக் காட்டிற்று. 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், சடங்குகளின் மொழி இருவகைப்படும் என்பதை அவர் விளக்கினார். உயர்நிலைக் குருமாரின் சடங்கு பழைய இலக்கியச் சீனத்தில் அமைவது. சிறுதெய்வச் சடங்குகளை நடத்துவோரின் பாடல்களோ மக்கள் பேசும் மொழியைத் தழுவியவை. இவ்விரண்டும் ஒரே விழாவில் அடுத்தடுத்து நிகழக் காணலாம்.

மொழியாராய்ச்சியை மேற்கொண்ட நமக்கு இக்கண்டுபிடிப்புப் பெரிதும் பயன்படுவதாகும். இலக்கியச் சீனத்தில் அமைந்த ஏடு ஊருக்கு ஊர் பொதுவாக நிற்க, அதனை ஓதும் ஒலி அவ்வவ்விடத்து வழக்கினைச் சார்ந்து வேறுபடுகிறது. எழுத்துப் பொதுமையால் சடங்கு கடலைக் கடந்தது. ஒலி வேறுபாட்டால் சென்றவிடத்தில் தனக்கென ஒரு குரலைப் பெற்றது. ஆகவே ஏட்டை மட்டும் வைத்து ஒருமையைப் பேசுவோரும், ஒலியை மட்டும் வைத்து வேற்றுமையைப் பேசுவோரும் பாதி உண்மையையே கண்டவராவர்.

தூபம் பகிர்தல்

கோயிலின் நடுவிடம் தெய்வ உருவம் அன்று, தூபக்கலமே எனலாம். ஊரார் ஏற்றும் ஊதுபத்திகளின் சாம்பல் ஆண்டாண்டாகத் திரண்டிருப்பது அதில்தான். விழாப் பொறுப்பை ஏற்பவருக்குத் 'தூபக்கலத்தின் தலைவர்' என்றே பெயர். பிறைவடிவான இரு கட்டைகளை உருட்டித் தெய்வத்தின் இசைவை அறிந்து அவரைத் தேர்ந்தெடுப்பர். புதியதோர் ஊரில் கோயில் எடுக்க விரும்புவோர், பழைய கோயிலின் தூபக்கலத்திலிருந்து சாம்பல் கொணர்ந்து தம் கலத்தில் இடுவர். இதற்குத் 'தூபம் பகிர்தல்' என்பது பெயர். பின்னர்க் காலந்தோறும் தம் தெய்வ உருவத்தைச் சுமந்து சென்று, பழைய கோயிலின் தூபப் புகையின்மேல் கடத்திக் கொணர்வர். தெய்வத்தின் 'லிங்' எனும் ஆற்றல் அதனால் புதுமை பெறும் என்பது அவர்தம் நம்பிக்கை.

இவ்வழக்கத்தை விளக்குவோர் வேர், கிளை என்னும் உவமையைக் கையாள்கின்றனர். வழிபடுவோரும் தம் மூலக்கோயிலை அவ்வாறு கூறுவதுண்டு. ஆயினும் உவமையின் எல்லையை அறியாது அதனைச் சான்றாகக் கொள்ளுதல் குற்றமாம். கிளை, வேரினின்றும் இடையறாது நீர் பெறுவது, அறுபட்டால் உலர்ந்துவிடும். புதிய கோயிலின் தூபக்கலமோ ஒருமுறை சாம்பல் பெற்றபின், தன் ஊரார் நாடோறும் ஏற்றும் தூபத்தால் வாழ்வது. மூலக்கோயிலோடு அதற்குள்ள உறவு தானாகவே நிலைப்பதன்று; பயணத்தாலும் சடங்காலும் புதுக்கப்படுமளவும் நிற்பது. ஆகவே, மரத்தின் உவமையைவிட, விழாவிலேயே அமைந்த 'விளக்குப் பகிர்தல்' இவ்வுறவிற்குப் பொருந்திய உவமை என்பது எம் கருத்து. இதனை மூன்று நிகழ்ச்சிகளால் சோதித்துப் பார்ப்போம்.

முதற் சோதனை: ஆற்றங்கரை வழிபாடு

வூ தாவ் என்பவர் 979 முதல் 1036 வரை புஜியானில் வாழ்ந்த மருத்துவர். மறைந்தபின் 'பாவ்செங் தாதி' என்னும் பெயரால் தெய்வமாகப் போற்றப்பட்டார். அவருடைய மூலக்கோயில்களுள் ஒன்று பாய்ஜியாவ் எனும் ஊரில் உள்ளது. அவர் வழிபாடு தைவானில் தூபம் பகிர்தலால் பரவிய வரலாற்றை ஸ்கிப்பர் 1990இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார்.

தைனான் பகுதியில் சுவேஜியா எனும் ஊரின் சிஜி கோயிலில் ஆண்டுதோறும் சீனத் திங்கள் முறையில் மூன்றாம் திங்கள் பதினோராம் நாள் நிகழும் சடங்கு ஒன்று நம் கருத்தை ஈர்க்கிறது. அன்று ஊரார் தெய்வத்தை ஊர்வலமாக ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்று, கடலுக்கு அப்பாலுள்ள பாய்ஜியாவின் திசை நோக்கி வணங்கி மீள்கின்றனர். 1949க்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் நீரிணையின் இருகரைக்கும் போக்குவரவு அடைபட்டிருந்தது. சாம்பல் கொணர வழியில்லை. புகையின்மேல் கடத்த வழியில்லை. வேர், கிளை உவமை உண்மையாயின், கிளை அக்காலத்தில் உலர்ந்திருத்தல் வேண்டும். உலரவில்லை. மூலக்கோயிலுக்குச் செல்ல இயலாமையையே ஒரு சடங்காக்கி, நீரின்முன் நின்று வணங்கும் ஊரார் தம் உறவைத் தாமே புதுக்கிக்கொண்டனர். கரையில் நிற்கும் அவ்வணக்கத்தில் பிரிவின் துயரும் உண்டு, உறவின் உறுதியும் உண்டு.

இரண்டாம் சோதனை: மாறிய பயணம்

கடலோடிகளின் காவல்தெய்வமாகிய மாத்சூ, 960இல் பிறந்து 987இல் மறைந்த லின் மோ எனும் மங்கை என்பது வழிவழிச் செய்தி. அவளுடைய மூலக்கோயில் புஜியானைச் சேர்ந்த மெய்சௌ தீவில் உள்ளது. தைவானின் நடுப்பகுதியிலுள்ள தாஜியா ஊரின் சென்லான் கோயிலார், பல்லாண்டுகளாகத் தம் மாத்சூவைச் சுமந்து, பெய்காங் ஊரின் கோயிலுக்குக் கால்நடையாய்ச் சென்று வந்தனர். அதனால் தாஜியா, பெய்காங்கின் கிளை எனப் பலரும் கருதினர்.

மாத்சூ மறைந்து ஆயிரம் ஆண்டு நிறைந்தது 1987இல். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், சீனப் பயணத்திற்கிருந்த தடை முறைப்படி தளர்த்தப்படுமுன்னரே, தாஜியாக் கோயிலார் ஜப்பான் வழியாக மெய்சௌ சென்று வழிபட்டு மீண்டனர். அடுத்த ஆண்டு முதல் அவர்கள் பெய்காங்கிற்குச் செல்வதை விடுத்து, சின்காங் ஊரின் பெங்தியான் கோயிலுக்குத் தம் பயணத்தை மாற்றிக்கொண்டனர். மூலத்தோடு நேரே உறவு கொண்டபின், இடையிலுள்ள கோயிலுக்குக் கீழ்ப்பட்டவர் எனும் பெயர் அவர்க்கு வேண்டாவாயிற்று.

தைவான் சமுதாயமொன்றின் வரலாற்றையும் தெய்வ ஆற்றலையும் பற்றிச் சாங்கிரன் எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1987இல்தான். 'லிங்' எனும் ஆற்றலை மக்கள் தெய்வத்தினுடையதாகக் கூறினும், அது சமுதாய உறவுகளால் ஆக்கப்படுவது என்பது அவர் முடிபு. தாஜியாவின் செயல் அம்முடிபிற்கு அரண் செய்கிறது. ஆனால் யாம் இன்னும் ஒருபடி மேற்செல்ல விரும்புகிறோம். உறவு முன்னரே அமைந்திருக்க, பயணம் அதனைக் காட்டும் அடையாளமாக நின்றதெனின், பயணத்தை மாற்றியதால் உறவு மாறியிருக்க வேண்டுவதில்லை. மாறியதால், பயணமே உறவை ஆக்கும் தொழில் என்பது பெறப்படும்.

மூன்றாம் சோதனை: மூலம் அழிந்த காலம்

கிளைக்கு நேர்ந்ததை இதுவரை கண்டோம். மூலத்திற்கே அழிவு நேரின் யாதாகும்? சீனத்தில் 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கோயில்கள் இடிபட்டன, விழாக்கள் தடைப்பட்டன. மெய்சௌவின் மூலக்கோயிலும் தப்பவில்லை. 1980களில் தடை தளர்ந்தபோது, புஜியானில் கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் எழுந்தன. அதனை நேரிற் கண்டு ஆராய்ந்தவர் டீன். பாவ்செங் தாதி உள்ளிட்ட மூன்று தெய்வங்களின் வழிபாட்டை ஆராயும் அவர் நூல் 1993இல் வெளிவந்தது. பின்னர், செங் சென்மன் எனும் சீன வரலாற்றறிஞரோடு இணைந்து, புதியான் சமவெளியின் 724 ஊர்களைச் சுற்றியளந்து, 2010இல் இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். ஊர்கள் விழாவால் ஒன்றோடொன்று பிணைந்து, பாசனம் முதலிய பொதுக்காரியங்களையும் நடத்திவந்த திறத்தை அவை விளக்குகின்றன.

இம்மறுமலர்ச்சிக்குப் புஜியானின் முதியோர் மறைத்துக் காத்த ஏடுகளும் நினைவும் ஒரு காரணம். கடல் கடந்து வாழ்ந்தோர் அனுப்பிய பொருளும், அவர்கள் இடையறாது நிகழ்த்திவந்த சடங்குகளும் மற்றொரு காரணம். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் புஜியான் மக்கள் எழுப்பிய தியான் ஹாக் கெங் கோயிலுக்கு 1840இல் சீனத்திலிருந்து மாத்சூ திருவுருவம் வந்தது. தமிழ் முசுலிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் அதே தெருவில் உள்ளது. இரண்டும் அந்நாளில் கடலை அடுத்து நின்றவை. அந்நகரில் புதியான் வட்டாரத்தார் நிறுவிய 'ஒன்பது கெண்டைக் குகை' எனும் கோயிலில், இறந்தோரை உய்விக்கும் பெருவிழாப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. தாயை நரகினின்றும் மீட்ட முலியனின் கதையும் அங்கே கூத்தாக ஆடப்படும்.

தாய்நிலத்தில் தூபம் அணைந்திருந்த காலத்து, அது கடலுக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்தது. பின்னர் அங்கிருந்து மீண்டும் தாய்நிலத்தை அடைந்தது. இவ்வாறாயின், எது வேர்? எது கிளை? டீனின் நூல்கள் இவ்வினாவிற்கு வேண்டிய சான்றுகளைக் குறைவறத் தருகின்றன. ஆயினும் கோயில்களின் பின்னல்கள் எவ்வாறு விரிந்தன என்பதில் சென்ற கருத்து, அப்பின்னல் அறுபட்ட ஆண்டுகளில் மக்கள் பட்ட இழப்பின்மேல் அத்துணைச் செல்லவில்லை என எமக்குத் தோன்றுகிறது. ஒரு தலைமுறை விழாவின்றி வளர்ந்தது. அதன் பெயர்கள் எந்தக் கோயிற் சுவரிலும் எழுதப்படவில்லை. மீண்டும் எழுந்த கோயிலின் பொலிவை மதிப்பிடுவோர் இவ்விழப்பையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். இவ்வுறவெல்லாம் பொருளும் அரசியலும் பற்றியவை. சடங்கின் ஆற்றலாக இவற்றைக் கூறுவது மிகையாம் என்பர் சிலர். அத்தடைக்கு இடமில்லாமலில்லை. 1997இல் மெய்சௌவின் மாத்சூத் திருவுருவம் தைவானுக்கு எழுந்தருளி 102 நாள் உலா வந்தது. 2000இல் தாஜியாக் கோயிலார் மீண்டும் மெய்சௌ சென்றபோது, அப்பயணம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. அதனை ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்ட மேஃபேர் யாங், நாட்டெல்லையும் வழிபாட்டெல்லையும் ஒன்றோடொன்று ஒவ்வாது நிற்பதைத் தெளிவுறுத்தினார். இருகரையும் ஒரே குடும்பம் என்பதற்குச் சீன அரசினர் இவ்வழிபாட்டைச் சான்று காட்டுவதும், தைவானில் ஒரு சாரார் அதன் காரணமாகவே இப்பயணங்களை ஐயுறுவதும் யாவரும் அறிந்தவை.

இவ்விரு சாராரும் ஒரே உவமைக்கு வயப்பட்டவர் என்பதே எம் விடை. வேரே கிளையை உடையது என்று ஒருவர் மகிழ்கிறார். அவ்வாறு ஆகிவிடுமோ என்று மற்றவர் அஞ்சுகிறார். தூபம் பகிர்தலின் முறையை உற்று நோக்குவார்க்கு அம்மகிழ்ச்சிக்கும் இடமில்லை, அவ்வச்சத்திற்கும் இடமில்லை. சாம்பலைக் கொடுத்த கோயில், பெற்ற கோயிலை ஆளும் உரிமையைப் பெறுவதில்லை. பெற்ற கோயில், கொடுத்ததை மறுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பொருளும் அரசியலும் சடங்கினுள் புகுதல் இயல்பே. ஆனால் அவை சடங்கின் வழியாகப் புகவேண்டியிருப்பதே, சடங்கிற்குத் தனியாற்றல் உண்டென்பதற்குச் சான்றாகும்.

பட்டியலும் விழாவும்

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். மாத்சூ வழிபாடு 2009இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. 2020இல் சீனமும் மலேசியாவும் கூடி விண்ணப்பித்த 'வாங்சுவான்' எனும் கப்பல் விழா அப்பட்டியலில் சேர்ந்தது. மரத்தால் கப்பல் அமைத்து, தெருக்களின் வழியே இழுத்துச் சென்று, இடர்களையும் கதியற்ற ஆவிகளையும் அதில் ஏற்றி, கடற்கரையில் எரித்து அனுப்பும் விழா அது. கடலில் மாண்டோரை அம்மக்கள் 'நல்ல உடன்பிறப்புகள்' என்று அழைப்பர். மலாக்காவின் யோங் சுவான் தியான் கோயிலில் 1933க்குப் பின் நெடுங்காலம் நிகழாதிருந்த இவ்விழா, 2001இல் மீண்டும் எடுக்கப்பட்டது.

இருநாடும் ஒரு விழாவிற்கு ஒருங்கே உரிமை கூறியது வரவேற்கத்தக்கது. வேர் யாது, கிளை யாது என்னும் வழக்கிற்கு அங்கே இடமில்லாது போயிற்று. ஆயினும் பட்டியல் ஒரு பெயரை ஒருமுறை எழுதி நிறுத்துவது; கோயிற் சுவரின் பட்டியலோ விழாத்தோறும் புதிதாக எழுதப்படுவது. விழா வெறுங்காட்சியாய்ச் சுருங்கி, 'நல்ல உடன்பிறப்புகள்' மறக்கப்படுவராயின், முன்னைய பட்டியலால் பயனொன்றும் விளையாது.

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்றுண்டு. புஜியானின் பழந்துறைமுகமாகிய சுவான்சௌவில், தமிழ் வணிகர் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து, 1281இல் கல்வெட்டும் பொறித்தனர். தமிழெழுத்தில் தொடங்கும் அக்கல்வெட்டின் இறுதியில் சீன எழுத்தும் உண்டு. கல் இன்றும் இருக்கிறது. சிற்பங்கள் சிலவும் அந்நகரின் புத்தர் கோயிலில் இடம்பெற்று நிற்கின்றன. வழிபாடோ, புதுக்குவாரின்றி அற்றுப்போயிற்று. அவ்வணிகர் விட்டுச்சென்ற மரபைச் சார்ந்ததெனக் கருதப்படும் திருவுருவம் ஒன்றை மட்டும், அருகிலுள்ள சிற்றூர் மக்கள் குவான்யின் எனும் தம் தெய்வத்தின் பெயரால் இன்றும் வழிபடுகின்றனர். அவர்கள் ஏற்றும் தூபத்தால் அஃது இன்றும் தெய்வமாக நிற்கிறது. கல்லில் எழுதிய உறவு கல்லோடு நின்றது. நாடோறும் தூபம் இட்டாரது உறவு, பெயர் மாறியும் வாழ்கின்றது. கோயிலுறவை ஆராய்வோர் முதலில் நோக்க வேண்டுவது அத்தூபத்தை இடுவோரையே ஆம்.